நாய்க்கடி ஊசி முதல் கேன்சர் மருந்து வரை... மோனோகுளோனல் ஆன்டிபாடி என்றால் என்ன?

இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் நேரம். தெருமுனையில் நாலைந்து நாய்கள் துரத்துகின்றன. அதில் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிடுகிறது. பல் பதிந்து ரத்தம் வருகிறது. நகரத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் நடக்கக்கூடிய விஷயம்தான் இது.

மருத்துவமனைக்குப் போனால் முதலில் கையில் தடுப்பூசி. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. "இன்னொரு ஊசி இருக்கு, அதைக் காயத்துலயே போடணும்" என்கிறார் டாக்டர். பல் பதிந்த இடத்திலும் அதைச் சுற்றியும் ஊசியை இறக்கி மருந்தைச் செலுத்துகிறார். வலி உயிர் போகிறது. "அதான் தடுப்பூசி போட்டாச்சே, இது வேற எதுக்கு?" என்று கடிபட்டவருக்குத் தோன்றுவது இயல்பு. இந்த இரண்டாவது ஊசியைப் போட்டுக்கொள்ளாமலே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

ஆழமான கடியில் உயிரைக் காப்பதில் அந்த இரண்டாவது ஊசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தியாவில் இன்று அந்த ஊசிக்குள் இருப்பது ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோய், முடக்குவாதம், சொரியாசிஸ், ஆஸ்துமா, எலும்புத் தேய்மானம், மைக்ரேன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நோய்களுக்கு டாக்டர்கள் எழுதும் விலை உயர்ந்த ஊசிகள் பலவும் இதே குடும்பம்தான்.

இவை எப்படி வேலை செய்கின்றன? ஏன் இவ்வளவு விலை? யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

தடுப்பூசி இருக்கும்போது இது எதற்கு?

ரேபீஸ் தடுப்பூசி வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. 'எதிரி இப்படித்தான் இருப்பான்' என்று நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. அதைப் பார்த்து உடல் தானாகவே ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்க ஆரம்பிக்கும். போதுமான அளவு தயாராக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம்.

அதற்குள் வைரஸ் சும்மா இருக்குமா? காயத்தில் இறங்கிய ரேபீஸ் வைரஸ், பக்கத்தில் இருக்கும் நரம்புக்குள் புகுந்து மூளையை நோக்கி நகரும். தலை, முகம், கழுத்தில் கடி என்றால் மூளைக்குப் போகும் தூரம் குறைவு, ஆபத்து அதிகம். அறிகுறிகள் தொடங்கிவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபீஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள்.

தடுப்பூசி பலன் தரும் வரையிலான அந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாவது ஊசி. அதில் இருப்பது ஏற்கெனவே தயாரான, ரெடிமேட் ஆன்டிபாடி. காயத்தில் இருக்கும் வைரஸை அங்கேயே பிடித்து, நரம்புக்குள் நுழைய விடாமல் தடுக்கும்.

எளிமையாகச் சொன்னால், தடுப்பூசி என்பது சமைக்கக் கற்றுக்கொடுப்பது மாதிரி. ஆன்டிபாடி ஊசி என்பது பார்சல் சாப்பாடு. பார்சல் வந்தால் உடனே பசி தீரும், அடுத்த வாரத்துக்கு உதவாது. சமையல் கற்றுக்கொள்ள நாளாகும், ஆனால் ரொம்ப நாளைக்குக் கை கொடுக்கும். ஆழமான நாய்க்கடிக்கு இரண்டுமே வேண்டும்.

குதிரையில் தொடங்கிய கதை

ரெடிமேட் ஆன்டிபாடி என்ற யோசனை புதிதல்ல. 1890-ல் பெர்லினில் எமில் வான் பெரிங்கும் ஜப்பானைச் சேர்ந்த கிட்டசாட்டோவும் ஒன்றைக் காட்டினார்கள். டிப்தீரியா, டெட்டனஸ் நஞ்சுகளுக்குப் பழக்கப்படுத்திய விலங்கின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால், அதற்கும் பாதுகாப்பு கிடைத்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பெரிங்குக்குத்தான் போனது.

அதிலிருந்து இந்த மருந்துக்கான தொழிற்சாலை குதிரைதான். இன்றும் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து அப்படித்தான் தயாராகிறது. மாமல்லபுரம் அருகே உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படும் விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்தால் மருந்து ரெடி.

இதில் கிடைப்பது ஒரு கலவை. விஷத்தில் உள்ள பல்வேறு பொருள்களின் பல்வேறு பகுதிகளைப் பிடிக்கும் பலவகை ஆன்டிபாடிகள் அதில் இருக்கும். இதற்குப் பெயர் பாலிகுளோனல். பாம்பு விஷமே பல நஞ்சுகளின் கலவை என்பதால் அங்கே இந்தக் கலவை கைகொடுக்கிறது.

ஆனால் சிக்கல்களும் உண்டு. குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியம், சிலருக்குக் கடும் அலர்ஜி வரலாம். ஒரு பேட்ச் போல இன்னொரு பேட்ச் இருக்காது. ரேபீஸுக்கு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலினும் உண்டு. அது பாதுகாப்பானது, ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்ட கொடையாளர்களின் ரத்தத்தை நம்பியிருப்பதால் கிடைப்பதும் குறைவு, விலையும் அதிகம்.

ஒரே வகை ஆன்டிபாடியை, ஒரே தரத்தில், வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் 1975-ல் வந்தது.

ஒரு செல்லிலிருந்து ஒரு மருந்து

நம் ரத்தத்தில் 'பி செல்' என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. ஆன்டிபாடி தயாரிப்பது இவற்றின் வேலை. ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் இருக்கும் இந்தப் புரதத்தின் இரண்டு கை நுனிகளும் எதிரியின் மேல் உள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பிடிக்கும்படி அமைந்திருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. ஒரு பி செல் ஒரே வகைச் சாவியைத்தான் செய்யும். உடம்பில் கோடிக்கணக்கான பி செல்கள் இருப்பதால் எந்தக் கிருமி வந்தாலும் ஏதோ ஒரு சாவி பொருந்திவிடுகிறது.

நமக்குத் தேவையான சாவியைச் செய்யும் ஒரே ஒரு பி செல்லைத் தனியாகப் பிரித்து வளர்த்தால் போதுமே? அங்கேதான் சிக்கல். ஆய்வகத் தட்டில் பி செல் சில நாள்களிலேயே செத்துவிடும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்த அர்ஜென்டினாக்காரர் சீசர் மில்ஸ்டீனும், ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜஸ் கோலரும் ஒரு வழி கண்டார்கள். அப்போது கோலருக்கு 29 வயது. எலிக்கு ஆட்டின் ரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்தினார்கள். அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் பி செல்களை எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்தார்கள். அவற்றைச் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் புற்றுநோய்ச் செல்களோடு இணைத்தார்கள்.

பிறந்தது ஒரு கலப்புச் செல். அதன் பெயர் 'ஹைப்ரிடோமா'. பி செல்லிடமிருந்து ஆன்டிபாடி செய்யும் திறமை, புற்றுநோய்ச் செல்லிடமிருந்து சாகாவரம். இணையாமல் மிஞ்சிய செல்கள் பிழைக்க முடியாத கரைசலில் போட்டு வடிகட்டி, தேவையான ஆன்டிபாடியைச் செய்யும் ஒற்றைச் செல்லைத் தேர்ந்தெடுத்து வளர்த்தால், அதன் வாரிசுகள் எல்லாம் அச்சு அசலாக ஒரே ஆன்டிபாடியைச் செய்துகொண்டே இருக்கும். 'மோனோ' என்றால் ஒன்று, 'குளோன்' என்றால் நகல். ஒரே செல்லின் நகல்களிலிருந்து வருவதால்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி.

சுவாரஸ்யம் என்னவென்றால், அவர்கள் மருந்து கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. ஆன்டிபாடிகளில் இத்தனை வகைகள் எப்படி உருவாகின்றன என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை தேடினார்கள். இது மருத்துவத்துக்குப் பயன்படலாம் என்று 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையின் கடைசியில் சின்னதாகக் குறிப்பிட்டதோடு சரி. காப்புரிமையும் வாங்கப்படவில்லை. அது பின்னாளில் பிரிட்டனில் பெரிய சர்ச்சையானது. 1984-ல் இருவருக்கும் நீல்ஸ் ஜெர்னேவுடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எலியிலிருந்து மனிதருக்கு

முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்கா 1986-ல் அனுமதி கொடுத்தது. பெயர் முரோமோனாப். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுப்பது அதன் வேலை. ஆனால் அது முழுக்க எலிப் புரதம். அதையே அந்நியனாக நினைத்து நோயாளியின் உடல் எதிர்த்தது. குதிரை சீரத்தில் இருந்த அதே பிரச்சினை!

தீர்வு மரபணுப் பொறியியலில் கிடைத்தது. எதிரியைப் பிடிக்கும் நுனியை மட்டும் எலியிலிருந்து வைத்துக்கொண்டு, மற்றதை மனிதப் புரதமாக மாற்றினார்கள். இதில் முன்னோடி பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரெக் வின்டர். பிறகு முழுக்க முழுக்க மனித ஆன்டிபாடியையே ஆய்வகத்தில் உருவாக்கும் முறைகள் வந்தன. அப்படி 2002-ல் வந்த அடலிமுமாப், உலகில் அதிகம் விற்பனையான மருந்துகளில் ஒன்றானது. வின்டருக்கு 2018-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

மருந்துச் சீட்டில் உள்ள பெயரின் வாலைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். 'மாப்' என்று முடிந்தால் அது மோனோகுளோனல் ஆன்டிபாடி. பழைய முறையில் வைத்த பெயர்களில் 'ஸிமாப்' என்றால் எலியும் மனிதமும் கலந்தது: ரிட்டுக்ஸிமாப், இன்ஃப்ளிக்ஸிமாப். 'ஸுமாப்' என்றால் பெரும்பகுதி மனிதம்: டிராஸ்டுஸுமாப், பெவாசிஸுமாப். 'உமாப்' என்றால் முழுக்க மனிதம்: அடலிமுமாப், டெனோசுமாப். பெயர்கள் குவிந்துபோனதால் 2017-லும் 2021-லும் உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றிவிட்டது. அதனால் புது மருந்துகளுக்கு வேறு வால்கள் வருகின்றன.

இன்று பெரும்பாலான ஆன்டிபாடி மருந்துகளைத் தயாரிப்பது எலியோ குதிரையோ அல்ல. சீன ஹாம்ஸ்டர் எனும் சிறு விலங்கின் சூலகத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துவரும் செல்கள்தான் தொழிலாளிகள். ஆன்டிபாடிக்கான மரபணுவை அந்தச் செல்களில் பொருத்தி, பிரமாண்டமான எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, வெளிவரும் புரதத்தைச் சுத்தப்படுத்துகிறார்கள்.

ரேபீஸ் வைரஸுக்கு எதிரான மோனோகுளோனல் ஆன்டிபாடியை எலியில் உருவாக்கியதாக அமெரிக்காவின் விஸ்டார் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் 1978-லேயே கட்டுரை வெளியிட்டுவிட்டார்கள். அது நோயாளியின் காயத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மாஸ்பயாலஜிக்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய 'ரேபிஷீல்ட்' மருந்துக்கு இந்தியாவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. மனித ஆன்டிபாடி மரபணு பொருத்தப்பட்ட எலிகளில் கண்டெடுத்த ஆன்டிபாடி அது. அடுத்து ஸைடஸ் நிறுவனத்தின் 'ட்வின்ராப்' வந்தது. அதில் இரண்டு ஆன்டிபாடிகள் சேர்ந்திருக்கும்.

உடலுக்குள் போய் என்ன செய்யும்?

ஆன்டிபாடி ஒரு பொருளைப் பிடிக்கும், அவ்வளவுதான். எதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். முக்கியமாக நான்கு வழிகள்.

1. வழியை அடைப்பது: ரேபீஸ் ஊசி வைரஸின் மேற்புறத்தைப் பிடித்து, நரம்புச் செல்லோடு ஒட்ட விடாமல் செய்கிறது. முடக்குவாதத்துக்கான அடலிமுமாப், வீக்கத்தைத் தூண்டும் 'டிஎன்எஃப்' என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மைக்ரேன், எலும்புத் தேய்மானம், அதிகக் கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கான ஊசிகளும் இதே பாணிதான்.

2. அடையாளம் காட்டுவது: ரிட்டுக்ஸிமாப், சில வகை ரத்தப் புற்றுநோய்ச் செல்களின் மேல் உள்ள 'சிடி-20' என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கொடி நட்ட இடத்தைப் பார்த்து நம் எதிர்ப்பு மண்டலமே வந்து தாக்கும்.

3. பிரேக்கை விடுவிப்பது: நம் 'டி செல்'கள் நம்மையே தாக்காமலிருக்க அவற்றில் பிரேக் மாதிரி சில புரதங்கள் உண்டு. புற்றுநோய்ச் செல்கள் தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்ளும். பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்த பிரேக்கை விடுவிக்கின்றன. இதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-ல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

4. சுமந்து சென்று சேர்ப்பது: ஆன்டிபாடியின் முதுகில் வீரியமான கீமோ மருந்தை ஏற்றி அனுப்புவது. டெலிவரி பார்ட்னர் மாதிரி, முகவரி பார்த்துப் புற்றுநோய்ச் செல்லிடம் மருந்தைச் சேர்க்கும். டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டீகன் இந்த ரகம்.

ஏன் எல்லாமே ஊசி, மாத்திரையாக ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆன்டிபாடி ஒரு பெரிய புரதம். வாய்வழியே கொடுத்தால் முட்டை, பருப்பு மாதிரி வயிறு அதையும் செரித்துவிடும். ஆனால் ரத்தத்தில் கலந்துவிட்டால் பல வாரங்கள் தங்கும். அதனால்தான் பல மருந்துகளை 2 வாரத்துக்கு, 3 வாரத்துக்கு அல்லது மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

டெஸ்ட் கிட்டிலும் இதுதான்

மோனோகுளோனல் ஆன்டிபாடியை இதுவரை பார்த்ததே இல்லை என்று நினைப்பவர்களும் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்டில், கர்ப்பகால ஹார்மோனைப் பிடித்து இரண்டாவது கோட்டைக் காட்டுவது இதுதான். கோவிட் காலத்து ரேபிட் டெஸ்ட், டெங்குவுக்கான 'என்எஸ்-1' பரிசோதனை, மலேரியா அட்டைப் பரிசோதனை எல்லாவற்றிலும் இது உண்டு. ரத்த வகை பார்க்க லேபில் நீலம், மஞ்சள் நிறத் துளிகளை விடுவார்களே, அவற்றிலும் 'ஏ' வகையையும் 'பி' வகையையும் அடையாளம் காணும் ஆன்டிபாடிகள்தான் இருக்கின்றன.

மருந்தாக விலை எட்டாத உயரத்தில் இருக்கும் அதே தொழில்நுட்பம், பரிசோதனைக் கிட்டாக எல்லோர் கைக்கும் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. கிட்டுக்கு மிகச் சிறிய அளவு போதும், உடலுக்குள் செலுத்தும் மருந்துக்கான சுத்தமும் தேவையில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

பலமும் பலவீனமும் ஒன்றே

ஒரே இலக்கைக் குறி பார்ப்பது இந்த மருந்தின் பலம். பலவீனமும் அதுவேதான்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். சுமார் 15 முதல் 20 சதவீத நோயாளிகளின் புற்றுநோய்ச் செல்களில் 'ஹெர்-2' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். இந்த வகை வேகமாகப் பரவும் என்பதை அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனின் குழு 1987-ல் காட்டியது. ஹெர்-2வைப் பிடிக்கும் டிராஸ்டுஸுமாப் 1998-ல் வந்த பிறகு, பயந்து பார்க்கப்பட்ட அந்த வகையின் தலையெழுத்தே மாறியது. ஆனால் ஹெர்-2 மிகுதியாக இல்லாத மற்றவர்களுக்கு டிராஸ்டுஸுமாப் போட்டுப் பயனில்லை. "அவங்களுக்கு நல்லா கேட்டுச்சாம், எங்களுக்கும் அதையே போடுங்க" என்பது இங்கே செல்லாது. முதலில் டெஸ்ட், பிறகுதான் மருந்து.

கோவிட் இன்னொரு பாடம். 2020 அக்டோபரில் அப்போதைய அமெரிக்க அதிபர் ட்ரம்புக்குக் கொடுக்கப்பட்ட இரட்டை ஆன்டிபாடி மருந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2021 மே மாதம் இந்தியாவிலும் அவசர அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஒமைக்ரான் வந்தது. வைரஸ் தன் பூட்டை மாற்றிக்கொண்டது, சாவி பொருந்தவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது.

ரேபீஸுக்கும் இதே கவலை இருப்பதால்தான், வைரஸின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளாவது சேர்ந்திருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பக்கவிளைவுகள் உண்டா?

உண்டு. கீமோவில் முடி கொட்டுவதுபோல வெளியே தெரியாது என்பதால் 'சைடு எஃபெக்டே இல்லாத ஊசி' என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு.

2006 மார்ச்சில் லண்டனில் 'டிஜிஎன்-1412' என்ற புது ஆன்டிபாடியை முதன்முதலாக மனிதர்களில் சோதித்தார்கள். விலங்குகளில் பாதுகாப்பாக இருந்த அளவைவிடப் பல நூறு மடங்கு குறைவாகத்தான் கொடுத்தார்கள். இருந்தும் மருந்து பெற்ற 6 ஆரோக்கியமான தன்னார்வலர்களும் சில மணி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். மனிதர்களில் முதல் சோதனை நடத்தும் விதிகளே அதன் பிறகு இறுக்கப்பட்டன.

அனுமதி பெற்ற மருந்துகளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசிகள், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடலாம். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில் இது முக்கியம். அதனால் ஊசி தொடங்கும் முன் டிபி பரிசோதனை அவசியம். ரிட்டுக்ஸிமாப் போடும் முன் ஹெபடைட்டிஸ்-பி பரிசோதனை. டிராஸ்டுஸுமாப் என்றால் அவ்வப்போது எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும். பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளில், கிளர்ந்தெழுந்த எதிர்ப்பு மண்டலம் தைராய்டையோ குடலையோ நுரையீரலையோ தாக்கக்கூடும். ஊசி போட்டு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இது வரலாம்.

ஏன் இவ்வளவு விலை?

மாத்திரையை வேதிப்பொருள்களைக் கலந்து தயாரிக்கலாம். ஆன்டிபாடியை உயிருள்ள செல்தான் செய்ய வேண்டும். தொட்டியின் வெப்பம், ஊட்டம், சுத்தம் எதிலும் சின்னப் பிசகுகூட ஆகாது. ஆலை அமைக்கவே பெரும் முதலீடு தேவை. இது ஒரு பாதி. மறு பாதி காப்புரிமையும் சந்தையும். 2022-ல் அடலிமுமாப் மருந்தின் அசல் பிராண்ட் மட்டும் உலகம் முழுக்க 2,100 கோடி டாலருக்கு மேல் விற்றது.

காப்புரிமை முடிந்ததும் மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் நிகர் மருந்துக்கு 'பயோசிமிலர்' என்று பெயர். உயிருள்ள செல் செய்வதால் அச்சு அசல் நகல் எடுக்க முடியாது. தரம், பாதுகாப்பு, பலன் ஆகியவற்றில் அசலுக்கு இணையானது என்று நிரூபித்தாக வேண்டும். இதில் இந்தியா முந்திக்கொண்டது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே ரிட்டுக்ஸிமாப்பைக் கொண்டுவந்தது. பெங்களூருவின் பயோகான் 2014-ல் டிராஸ்டுஸுமாப்பை வெளியிட்டது. 2017 டிசம்பரில் அதற்கு அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. போட்டி வந்ததால் இந்த இரு மருந்துகளின் விலையும் முன்பைவிட இறங்கியது. இரண்டுமே 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பிடித்தன.

புது மருந்துகளின் நிலை வேறு. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் மூன்று கேன்சர் மருந்துகளுக்குச் சுங்க வரி முழுமையாக நீக்கப்பட்டது. அதில் டிராஸ்டுஸுமாப் டெரக்ஸ்டீகன், டுர்வாலுமாப் இரண்டும் ஆன்டிபாடி வகை. வரி போன பிறகும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அவை பெரும் சுமைதான்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

வீட்டில் யாருக்காவது 'மாப்' என்று முடியும் ஊசி எழுதப்பட்டால், பதற்றத்தில் பணம் புரட்ட ஓடும் முன் கேட்க வேண்டிய சில கேள்விகள்:

- இந்த மருந்தின் இலக்கு என்ன? அது இவருக்கு இருக்கிறது என்று டெஸ்டில் உறுதியாகிவிட்டதா?
- தொடங்கும் முன் டிபி, ஹெபடைட்டிஸ்-பி, இதயப் பரிசோதனை எதுவும் தேவையா?
- மொத்தம் எத்தனை டோஸ்? எப்போது பலன் தெரியும்? பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்தலாம்?
- இதற்குப் பயோசிமிலர் இருக்கிறதா?
- அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா?

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி சிகிச்சையைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட விதிகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் நிறுவனங்கள் இதற்குத் தனி உச்சவரம்பு வைக்கலாம். அது எவ்வளவு என்று ஆரோக்கியமாக இருக்கும்போதே பாலிசியைப் புரட்டிப் பார்த்துவைப்பது நல்லது.

கடைசியாக, அந்த நாய்க்கடி

நாய் கடித்தால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலமெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. இன்று போடுவது தோலிலோ கைத்தசையிலோ போடும் சில தவணை ஊசிகள்தான்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், அல்லது வாய், கண், திறந்த காயத்தில் நாயின் எச்சில் பட்டிருந்தால், தடுப்பூசியோடு ரெடிமேட் ஆன்டிபாடியும் தேவை. அது குதிரை சீரமாக இருக்கலாம், மனித இம்யூனோகுளோபுலினாக இருக்கலாம், மோனோகுளோனலாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் நாளே போடுவது நல்லது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் அதைப் போடுவதில்லை. அதற்குள் உடலே தன் ஆன்டிபாடியைத் தயாரிக்கத் தொடங்கிவிடும் என்பது கணக்கு. ஏற்கெனவே முறையாக ரேபீஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த ஊசி தேவைப்படாது, அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஓர் எலிச் செல்லில் தொடங்கிய வேலை, இன்று ஒரு சின்னக் குப்பியில் மருத்துவமனைக் குளிர்பெட்டி வரை வந்துவிட்டது. "தடுப்பூசி போட்டாச்சு, கிளம்பலாம்" என்று யாராவது சொன்னால், "ரத்தம் வந்திருக்கே, காயத்துல போடுற ஊசி வேண்டாமா?" என்று கேட்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.